செந்தூலில் வீடு பார்ப்பவர்களுக்கு

கோலாலம்பூரில் தமிழர் பகுதி எது என்று கேட்டால் எல்லோரும் பிரிக்ஃபீல்ட்ஸைத்தான் கை காட்டுவார்கள். நல்ல இடம்தான். ஆனால் நகரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே இருப்பதால் வாடகை கையைக் கடிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் செந்தூலையும் ஒரு நடை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செந்தூல் ரயிலால் வளர்ந்த ஊர். மலாயா ரயில்வேயின் பெரிய பணிமனை இங்கே இருந்தது. அதில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் பக்கத்திலேயே குடியமர்ந்தார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் இந்தப் பணிமனையைக் குறிவைத்துக் குண்டு போட்டன. இன்றும் தண்டவாளம்தான் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே பூங்கா, உயர்ந்த கொண்டோக்கள், பழைய ரயில்வே கட்டடத்தில் 2005இல் திறந்த நாடக அரங்கம். கிழக்கே ஜாலான் செந்தூலை (‘ஜாலான்’ என்றால் சாலை) ஒட்டிப் பழைய கடைவீதி, கோயில்கள், தமிழ்க் குடும்பங்கள். கார் இல்லாதவர்களுக்குக் கிழக்குப் பக்கமே வசதி என்பது என் கருத்து.

கைப்பேசி வரைபடத்தில் ஸ்டேஷன் பக்கம்தான் என்று காட்டும். நடுவே தண்டவாளம் இருந்தால், கடக்க வழி தேடி வெயிலில் சுற்ற வேண்டியிருக்கும். அதனால் டெபாசிட் கட்டுவதற்கு முன் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நீங்களே நடந்து பாருங்கள். சாயங்கால மழை நேரத்தில் போனால் இன்னும் நல்லது. எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த இடம் இருட்டு என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஸ்டேஷன் பெயர்கள் குழப்பும், கவனம். எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ‘செந்தூல்’, ‘செந்தூல் தீமோர்’ என்று இரண்டு. கே.டி.எம். கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலின் ‘செந்தூல்’ வேறு இடம். எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயிலின் ‘செந்தூல் பாராட்’ 2023இல் திறந்தது, அது ஜாலான் ஈப்போ பக்கம். வீட்டு ஏஜெண்டு “ஸ்டேஷன் பக்கத்திலேயே” என்றால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். எல்.ஆர்.டி.யில் திரும்பி வரும்போது கவலையில்லை, செந்தூல் தீமோர் என்று போட்ட எந்த ரயிலிலும் ஏறலாம். போகும்போதுதான் பார்க்க வேண்டும்: சான் சௌ லின் தாண்டியதும் ஒன்று அம்பாங்குக்கும் மற்றொன்று புத்ரா ஹைட்ஸுக்கும் பிரியும். எல்லா ரயிலுக்கும் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஒரே டச் அன் கோ அட்டை போதும்.

வாடகைக்குப் பொதுவாக இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகை அளவு முன்பணம், அதோடு முதல் மாத வாடகையும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், தமிழில் பேசுகிறவராக இருந்தாலும் சரி.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு, இரவு எந்நேரமும் மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீரில் சர்க்கரையைத் தாராளமாகப் போடுவார்கள். “குராங் மானிஸ்” (இனிப்புக் குறைவாக) என்று சொன்னால் குறைத்துக் கொடுப்பார்கள். காய்கறி, மீன் மொத்தமாக வாங்க, எல்.ஆர்.டி.யில் தித்திவங்சா வரை போய் மோனோரயில் மாறினால் அடுத்த நிறுத்தமே சௌகிட் சந்தை. கோலாலம்பூர் பொது மருத்துவமனையும் தித்திவங்சா பக்கம்தான். வெளிநாட்டவருக்கு அங்கே கட்டணம் அதிகம் என்பதால் கம்பெனி காப்புறுதி எதற்கெல்லாம் செல்லும் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 999. பாஸ்போர்ட்டும் வேலை பெர்மிட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், தைப்பூசம். நகரத்து மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம் ஜாலான் ஈப்போ வழியாகத்தான் வரும். அன்று சாலைகளை மூடுவார்கள், காரை நம்ப வேண்டாம். செந்தூலில் கொம்யூட்டர் ஏறினால் நேரே பத்துமலை வாசலில் இறங்கலாம்.