கெஸிபோ வாங்கும்போது நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எனக்கு எதிர்வரிசையில் ஒரு புதுக் கடை. கணவனும் மனைவியுமாகச் சிறுதானிய லட்டு விற்க வந்திருந்தார்கள். பத்தடிக்குப் பத்தடி கெஸிபோ, அதாவது மடக்குப் பந்தல், புத்தம் புதுசாக நின்றது. காலில் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகக் கிழிக்கவில்லை. ஒரு கால் ஸ்கூட்டரோடு கட்டியிருந்தது, இன்னொன்றில் அரைச் செங்கல் தொங்கியது, மற்ற இரண்டும் சும்மா நின்றன.

"தம்பி, காத்து வந்தா தூக்கிருமே?" என்றேன்.

"இல்லீங்க்கா, இருபத்தஞ்சு கிலோ இருக்குது. நகராதுங்க."

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை, கிலோவை மட்டும் கொஞ்சம் குறைத்து, நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்று ஏமாறாதீர்கள், ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாததைப் பார்ப்போம்.

முதலில் பெயர். கெஸிபோ என்பது மடக்குப் பந்தல்தான். நாலு கால், நடுவில் கத்திரி போல விரியும் கம்பிகள், மேலே துணி. கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு நிறுத்தும் சின்ன ஆறுக்கு ஆறு கூடாரத்தை கனோபி என்பார்கள். கடையில் இரண்டையும் கலந்து பேசுவார்கள், குழம்ப வேண்டாம்.

அடியில் பத்து, மேலே எட்டு

சில மாடல்களில் கால்கள் சாய்வாக விரியும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 10×10 என்பது தரையில் காலுக்குக் கால் உள்ள அளவு. கூரை எட்டுக்கு எட்டுதான் இருக்கும். நூறு சதுர அடி நிழலுக்குக் காசு கொடுத்துவிட்டு 64 சதுர அடி நிழலில் நிற்பீர்கள். பற்றாததற்கு, சாய்ந்த கால் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் தடுக்கும். கடைபோட நேர்க்கால் மட்டுமே வாங்குங்கள்.

காலை மட்டும் தட்டிப் பார்ப்பது

கடைக்காரர் காலைத் தட்டிக் காட்டுவார். "கெட்டிங்க" என்பார். காலெல்லாம் பெரும்பாலும் கெட்டிதான். ஒடிவது மேலே இருக்கும் குறுக்குக் கம்பிகளும், அவற்றைக் காலோடு சேர்க்கும் மூட்டும். அந்த மூட்டு மெலிசான பிளாஸ்டிக்காக இருந்தால், வெயிலில் ஒரு கோடை நின்ற பிறகு அப்பளம் மாதிரி உடையும். விரலால் அழுத்திப் பாருங்கள். போல்ட், நட் போட்டிருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் என்றால் ஒடிந்த கம்பியை நீங்களே கழற்றி மாற்றலாம். ரிவெட் என்றால் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும். உதிரிக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் அன்றைக்கே கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

கம்பியின் தடிமனைக் கடையில் கேஜில் சொல்வார்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2. "இது 20 கேஜுங்க, அதவிட ஒசத்தி" என்று ஒருவர் என்னிடம் சொல்லி, நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இரும்பா, அலுமினியமா? கடலோரத்தில் கடை போடுகிறவர்கள் அலுமினியம் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு முதலில் வெட்டுவாயிலும் துளைகளிலும் துருவேறும். உள்நாட்டில் இரும்பே போதும். வளைந்தால் பட்டறையில் நிமிர்த்தித் தருவார்கள். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தினால் விரிசல் விடும்.

எடையைக் கணக்கில் எடுக்காமல் வாங்குவது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் மரச்செக்கு எண்ணெய் விற்கிறவள். பொள்ளாச்சிப் பக்கத்துச் சந்தை ஒன்றில், ஆடி மாதத்தில், என் முதல் கெஸிபோவை நிறுத்தினேன். 22 கிலோ. தார்த்தரை, ஆணி இறங்காது. சரி, எடைக்கு என்ன செய்வது என்று யோசித்து, புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். கடலை எண்ணெய் பாட்டில் அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் காலுக்கு ஒன்றாகக் கட்டினேன். கிரேட்டுக்கு 20 பாட்டில், ஏறக்குறைய 19 கிலோ. தனியாகக் கல் சுமக்க வேண்டாம், சரக்கே பாரம். எனக்கே என்மேல் பெருமை.

அன்றைக்கு வியாபாரம் நல்ல வியாபாரம். கைக்கு எட்டியது முன்பக்கத்துக் கிரேட்டுகள்தான், அதிலிருந்தே எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று மணிக்கு முன்னால் இரண்டும் காலி. பின்பக்கம் இரண்டும் முழுசாக இருந்தன. அதாவது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக் கால்களில் வெறும் பிளாஸ்டிக் பெட்டி மட்டும்.

முன்கால் தரையை 'டக்' என்று தட்டியது. இன்னொரு தடவை 'டக்'. ஒரு விரற்கடை எழுந்து எழுந்து இறங்குகிறது. அது என்ன சத்தம் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்தல் எழுந்து, பின்கால்களை ஊன்றிக் கரணம் அடித்து, அடுத்த கடையின் மேசையில் போய் விழுந்தது. அடுத்த கடை தேன் கடை. கண்ணாடிப் பாட்டில்கள் 14 போயின. தேனும் கண்ணாடிச் சில்லும் கலந்து தார்த்தரையில் ஓடியதைத் துடைத்தவர்களுக்குத் தெரியும், அது துடைக்கிற சமாச்சாரம் இல்லை. நல்லவேளை, மேசைக்குப் பின்னால் அந்த அண்ணன் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். 5,600 ரூபாய் கொடுத்தேன். என் பந்தலில் மூன்று குறுக்குக் கம்பியும் ஒரு காலும் வளைந்தன.

கணக்கைப் பாருங்கள். பத்துக்குப் பத்து கூரை என்றால் 9.3 சதுர மீட்டர். காற்று அடியில் புகுந்து கூரை முழுவதையும் தூக்கினால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 18 கிலோ தூக்கும் விசை வரும். 40 கிலோமீட்டரில் அது 70 கிலோ. 60 கிலோமீட்டரில் 160. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. 25 கிலோ பந்தல் "நகராதுங்க" என்பது, ஓரளவு வேகமான காற்றுக்கே பொய்யாகிவிடும். பக்கத்துக்கு ஒரு திரையும் கட்டினால், பாய்மரம் கட்டிய மாதிரி.

எங்கள் பக்கம் ஆடியில் காற்று சும்மா வராது. பாலக்காட்டுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நுழைந்து நேராக எங்கள் கடைக்குத்தான் வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் எதற்கு நிற்கின்றன? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு நாலு காலிலும் நாலு அம்மியைக் கட்டியிருந்தால் எனக்கு 5,600 ரூபாய் மிச்சம்.

ஆகவே பந்தலின் விலையோடு பாரத்தின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். காலுக்கு 20 கிலோ என்பது குறைந்தபட்சம். கைப்பிடி உள்ள 20 லிட்டர் கேன்கள் நாலு வாங்கி, காலியாகக் கொண்டுபோய் அங்கேயே தண்ணீர் நிரப்பலாம். அதே கேனில் மணல் நிரப்பினால் 30 கிலோ வரும். ஆடியில் நான் மணல்தான். தூக்கத்தான் முதுகு வேண்டும்.

கட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாரத்தைக் காலின் அடியில் மட்டும் வைத்தால் அடி நிற்கும், மேல்பாகம் முறுக்கிக்கொள்ளும். கூரையின் மூலையிலிருந்து, கால் மேலே சேரும் இடத்திலிருந்து, கயிறோ பெல்ட்டோ இறக்கி பாரத்தோடு இழுத்துக் கட்டுங்கள். பாரம் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொங்கினால் ஊஞ்சல் ஆடி, குழந்தைகளின் தலை உயரத்தில் வந்து அடிக்கும்.

மண்தரை என்றால் ஆணி அடிக்கலாம். பந்தலோடு இலவசமாக வரும் விரல்தடிமன்கூட இல்லாத ஆணிகளைச் செடிக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, தலையை வளைத்துத் தரச் சொல்லுங்கள். பந்தலுக்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். செம்மண்ணில் நன்றாகப் பிடிக்கும். மழையில் ஊறிய கரிசலில் வெண்ணெயில் செருகிய கத்திதான், அங்கேயும் கேன் வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், முன்கால் 'டக்' என்று தட்டினால் வியாபாரத்தைப் பார்க்காதீர்கள். வாங்க வந்தவரையே ஒரு காலைப் பிடிக்கச் சொல்லி மடக்கிவிடுங்கள்.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற ஒரே வார்த்தை

துணியில் 420 டி, 600 டி என்று போட்டிருப்பார்கள். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். நூல் தடிமனைச் சொல்லும், தண்ணீர் நிற்குமா என்று சொல்லாது. தண்ணீரை நிறுத்துவது உள்பக்கப் பூச்சு. அது எப்படியிருந்தாலும், ஒழுகுவது தையலில்தான். தையல்மேல் உள்பக்கமாகப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று துணியைத் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் முதல் மழையில் உங்கள் தோளில் துல்லியமாகச் சொட்டும்.

மழையில் கூரை ஓரங்களில் தண்ணீர் தொப்பை போடும். ஒரு சதுர மீட்டரில் சராசரி 5 சென்டிமீட்டர் தேங்கினாலே 50 கிலோ. குறுக்குக் கம்பி அதில்தான் ஒடியும். துடைப்பக் கட்டையின் நுனியில் ஒரு துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு, அவ்வப்போது அடியிலிருந்து தள்ளிவிடுங்கள். யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

கூரையின் நிறம்

நீலக் கூரைக்கு அடியில் தக்காளி செத்துப்போன மாதிரி இருக்கும். சிவப்புக் கூரைக்கு அடியில் என் கடலை எண்ணெய் பழைய எண்ணெய் மாதிரி தெரிந்தது, இரண்டு பேர் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புடவை, துணி விற்பவர்கள் நிலைமை இன்னும் மோசம், வெளியே எடுத்துப் போய்ப் பார்த்தால் வேறு நிறம். உணவுக்கும் துணிக்கும் வெள்ளை அல்லது சந்தன நிறம். அழுக்காகும், பரவாயில்லை.

வண்டியை அளக்காமல் வாங்குவது

மடக்கினாலும் ஐந்தடி நீளம் இருக்கும். டேப் எடுங்கள். அளக்காதவர்கள் வாராவாரம் குட்டி யானைக்கு வாடகை கொடுக்கிறார்கள்.

முகாமில் இதற்குள் படுப்பது

கொல்லிமலை, ஏற்காடு என்று போகிறவர்கள், பெரிய கெஸிபோ இருக்கிறதே, டென்ட் எதற்கு என்று நினைக்கிறார்கள். சமைக்க, உட்கார்ந்து பேச, ஈரச் செருப்பு கழற்றிப்போட இது அருமையான இடம். படுக்க டென்ட்தான். இரவில் மலைமுகட்டில் காற்று மாறும்போது தூங்குகிற ஆளுக்கு 'டக்' சத்தம் கேட்காது. நான் படுக்கப் போகும் முன் துணியைக் கழற்றி மடித்துவிட்டு, வெறும் சட்டத்தை மட்டும் நிறுத்தி வைப்பேன். அப்புறம், குளிருகிறது என்று நாலு பக்கமும் திரை இறக்கி உள்ளே கரியடுப்பு வைக்காதீர்கள். கரிப்புகைக்கு வாசனை இருக்கும், அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு இருக்காது.

இடி இடித்தால் இரும்புக்கால் பந்தலை விட்டு வெளியேறி வண்டிக்குள் போய் உட்காருங்கள்.

ஈரத்தோடு மடிப்பது

மடித்தால் வீட்டில் விரித்துக் காயவையுங்கள். இல்லையென்றால் மூன்று நாளில் கரும்புள்ளி, அது போகாது.

லட்டுக் கடைத் தம்பிக்கு அன்றைக்கு மணல் கேன் இரண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டர் கட்டிய காலை விட்டுவிட்டு மற்ற காலில் கட்டினார். "அது வேண்டாங்க்கா, வண்டி நூறு கிலோ இருக்குது" என்றார். பன்னிரண்டு மணிக்கு மனைவி சில்லறை மாற்ற அதே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். நான் மூன்றாவது கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன.