பைத்தானில் தேதியையும் நேரத்தையும் நமக்கு வேண்டியபடி காட்டுவது எப்படி?

ஒரு கடைக்குச் சின்னதாக ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். டெஸ்ட் செய்தபோது தேதி 12-03-2024 என்று அழகாக வந்தது. சாயங்காலம் கடைக்காரரிடமிருந்து போன்: “தம்பி, பில்லில் 47ஆம் மாசம்னு வருதே!” எல்லாம் ஒரே ஓர் எழுத்தால் வந்த வினை. எந்த எழுத்து என்று இரண்டாம் படியில் சொல்கிறேன்.

(எழுத்துகளின் உச்சரிப்பைத்தான் இங்கே தருகிறேன். நிரலில் ஆங்கில எழுத்தாகவே அடியுங்கள்.)

படி 1: டேட்டைம் மாட்யூலிலிருந்து டேட்டைம் கிளாஸை இம்போர்ட் செய்யுங்கள். ஆமாம், இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அதன் நவ் ஃபங்ஷனை அழைத்து பிரிண்ட் செய்தால் 2024-03-12 10:03:27.481520 என்பது போல வரும். மைக்ரோசெகண்ட் வரை பில்லில் யாருக்கு வேண்டும்?

படி 2: இப்போது ஸ்டர்எஃப்டைம்; தேதியை நாம் சொல்லும் வடிவில் எழுத்தாக மாற்றித் தரும் ஃபங்ஷன். சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் சேர்ந்தால் ஒரு குறியீடு. சின்ன டி (‘டேட்’டின் முதல் எழுத்து) நாள், சின்ன எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு. நடுவில் கோடோ சாய்வுக்கோடோ போட்டால் அது அப்படியே அச்சாகும். பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு; பெரிய எம் நிமிடம். நான் மாதத்துக்குப் பெரிய எம் போட்டிருந்தேன். டெஸ்ட் செய்தது மார்ச் மாதம், காலை 10 மணி 3 நிமிடத்துக்கு. அதனால் 03 சரியாகவே தெரிந்தது! டெஸ்ட் செய்யும்போது நிமிடம் 12-ஐத் தாண்டியிருக்கட்டும்.

12 மணிக் கணக்கு வேண்டுமா? பெரிய ஐ. கூடவே சின்ன பி (‘பைத்தான்’ என்பதன் முதல் எழுத்து) போட மறந்தால் காலையா மாலையா என்றே தெரியாது. பெரிய பி (இது ‘பில்’ என்பதன் முதல் எழுத்து) மாதப் பெயரைத் தரும், ஆனால் வழக்கமாக ஆங்கிலத்தில். தமிழில் வேண்டுமென்றால் 12 பெயர்களை ஒரு லிஸ்ட்டில் போட்டு, மாத எண்ணில் ஒன்றைக் கழித்து எடுப்பதுதான் எளிது.

படி 3: யாரோ தட்டச்சு செய்த தேதியைப் படிக்க ஸ்டர்பிடைம். குறியீடுகள் அதேதான். இரண்டு இலக்க ஆண்டுக்கு உள்ள சின்ன ஒய்யை மட்டும் நம்பாதீர்கள். அது 69 முதல் 99 வரை 1900-களிலும், 00 முதல் 68 வரை 2000-களிலும் வைக்கும். தாத்தாவின் பிறந்த ஆண்டு 62 என்று கொடுத்தால், அவர் 2062-இல்தான் பிறப்பார்.

படி 4: சேமிக்கும்போது ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி முறைப்படி ஆண்டு-மாதம்-நாள் என்றே வையுங்கள். வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் தேதி வரிசை கெடாது. 05-12-2023 என்று வைத்தால், அது 04-01-2024-க்குப் பின்னால் போய் உட்காரும். நம் ஊர் வடிவமெல்லாம் திரையில் காட்டும்போது மட்டும்.

படி 5: சர்வரில் ஓடும்போது நேரம் ஐந்தரை மணி பின்தங்கினால், சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது என்று அர்த்தம். பைத்தான் 3.9 முதல் நேர மண்டலங்களுக்கென்றே ஸோன்இன்ஃபோ மாட்யூல் உண்டு. ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று மண்டலம் கொடுத்து, அதை நவ்வுக்குள் அனுப்புங்கள். விண்டோஸில் மண்டலம் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக, மண்டலத் தகவல்கள் அடங்கிய டிஇசட்டேட்டா தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.