வாலிபர்கள் ஊழியத்தை விட்டு விலகுவது ஏன்? சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வாலிபர்கள் வேண்டும். சபையின் பொது விருந்தான அசனத்துக்கு முந்தின இரவு கண்விழித்துக் காய்கறி நறுக்கவும், விடிந்ததும் அண்டா தூக்கிப் பந்தி பரிமாறவும் அவர்களே வேண்டும். டிசம்பரில் வீடு வீடாகக் கேரல்ஸ் போவதும் அவர்கள்தான். சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி கூடுகிற நாளில் மட்டும் அவர்களில் ஒருவரையும் காணோம். இருபத்தைந்து வயதில் இத்தனையும் தோளில் சுமந்தவர், முப்பது வயதில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் எழுந்து போய்விடுகிறார்.

உலகம் இழுத்துக்கொண்டது, செல்போன் கெடுத்துவிட்டது என்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் பல ஆண்டுகள் வாலிபர் ஐக்கியத்தோடு இருந்தவன் நான். எனக்குத் தெரிந்து, விலகிப் போனவர்களில் பெரும்பாலோர் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை. அவர்களிடம் வேலை வாங்கினோம். நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. அங்கேதான் மனம் விட்டுப்போனது.

ஒரு தம்பி நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வி.பி.எஸ். நடத்தினான். ஐந்தாம் ஆண்டு கமிட்டிக்கு வந்து, பிள்ளைகள் கொடுத்த காணிக்கையில் மீதிப்பணம் எங்கே போனது என்று பணிவாகத்தான் கேட்டான். காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க எடுத்திருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். “தம்பி, இதெல்லாம் பெரியவங்க விஷயம்” என்றார் ஒருவர். நானும் அந்த அறையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அடுத்த மே மாதம் அவன் வரவில்லை. இப்போது சென்னையில் இரத்ததான முகாம்களை ஒருங்கிணைக்கிறான். அவன் கூப்பிட்டால் நூறு பேர் வருகிறார்கள். தலைமை தாங்கும் வரம் அவனிடம் அப்படியேதான் இருக்கிறது.

“அனுபவம் வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதுதான் முதல் தவறு. இதைச் சொல்கிறவர்கள் நம் சொந்த வரலாற்றையே மறந்துவிடுகிறார்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிகளை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். அப்போது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. குருப்பட்டமும் பெறவில்லை, ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய வாலிபர், அவ்வளவுதான். பட்டம் பெற்றது 1909-ல். 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1903-ல் அவரைப் பார்த்து “கொஞ்சம் பொறு தம்பி” என்று சபை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று அப்படி ஒரு வாலிபன் ஊழியப் பாரத்தோடு வந்தால், நாம் அவனை மைக் செட் பார்த்துக்கொள்ளச் சொல்வோம்.

பொறுப்பு என்று நான் சொல்வது மேடையில் ஜெபிக்க அழைப்பதை அல்ல. ஒரு முகாமின் திட்டம், பணம், முடிவு மூன்றையும் அவர்கள் கையில் கொடுப்பது. கணக்கைக் கேளுங்கள், கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்குக்கூட மூன்று பேரிடம் கையெழுத்துக்கு அலையவிடாதீர்கள்.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது தேர்தல். பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் திருமண்டலத்தின் கீழ் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றில் வேலை நியமனங்கள் இருக்கின்றன. அதனால் திருமண்டலத்தின் பெருமன்றத் தேர்தல் வந்தால் ஊரே இரண்டு அணியாகிறது. வாலிபர் ஐக்கியத் தலைவரை இரண்டு அணியும் தேடி வருகின்றன. அதுவரை அவன் பெயர்கூடத் தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறார்கள். வாக்குக்காகவே தன்னைத் தேடி வந்தார்கள் என்று உணர்ந்த பிள்ளைக்கு, அடுத்த ஞாயிறு அதே வாய்கள் பேசும் ஐக்கியம் எப்படிக் காதில் ஏறும்? வாலிபர் கூட்டத்தை எந்த அணிக்கும் ஆள்திரட்டும் இடமாக்காதீர்கள். குருவானவர் இதை வெளிப்படையாக, தேர்தல் அறிவிப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்விகளை அடக்குவதும் இதே வகைதான். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்தோம். பிறகு பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையே சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். திருமண வரன் தேடும்போது சாதிப் பெயரை எழுதுகிறோம். பிள்ளை அதைக் கேட்டால் “ஆவிக்குரிய காரியத்தைப் பேசு” என்கிறோம். அவன் பேசியது ஆவிக்குரிய காரியம்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு பள்ளியைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் ஒரு பெண் பேராயரானார். ஆனாலும் ஒரு பெண் “எனக்கு ஊழிய அழைப்பு இருக்கிறது” என்றால், முதலில் கல்யாணம் ஆகட்டும் என்றே பல வீடுகளில் பதில் வருகிறது.

ஆண்பிள்ளைக்கு வேறு விதமான தடை. இறையியல் கல்லூரிக்குப் போகிற மகனை ஆலயத்தில் கைதட்டி வாழ்த்துகிறோம். அவன் படித்து முடித்து வந்ததும், ஊழியக்காரனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது, சம்பளம் போதுமா என்று தயங்குகிறோம். முழுநேர ஊழியம் உயர்ந்தது என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் இந்தத் தயக்கத்தையும் கூடவே கேட்டு வளர்கிறான்.

விழுந்தவரைக் கைவிடுவது இன்னொன்று. வேதாகமத்தில், ஊழியப் பயணத்தின் பாதியில் திரும்பிப் போன மாற்குவை அப்போஸ்தலனாகிய பவுல் மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார். பவுலின் உடன் ஊழியரான பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில் அதே பவுல், மாற்குவை அழைத்துவரும்படி எழுதினார். நம் சபைகளில் ஒரு காதல் விவகாரமோ, கோபத்தில் பேசிய ஒரு வார்த்தையோ போதும். பாடகர் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, காரணத்தை ஊர் முழுக்கச் சொல்கிறோம்.

ஒரு வாலிபர் மூன்று ஞாயிறு வரவில்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று தொடங்க வேண்டாம். எதில் மனம் நொந்தாய் என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வி.பி.எஸ். நடத்திய அந்தத் தம்பியைப் பார்க்க நான் இரண்டு வருடம் கழித்துத்தான் போனேன். டீ கொடுத்தான், வேலையைப் பற்றிப் பேசினான். கிளம்பும்போது, “அன்னைக்கு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே” என்றான்.