எல்இடி டிரைவரில் கரண்ட் தப்பாக வந்தால்: ஐசியைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்இடிக்குச் சீரான கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டில், 350 மில்லி ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் மீட்டர் 280 காட்டுகிறது. உடனே கை போவது, அந்தக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சிப்பான ஐசி மேல்தான். கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால் அதுவும் 280 காட்டும். இப்படி இரண்டு ஐசியை வீணடித்த பிறகுதான் எனக்கு மீட்டர் மேலேயே சந்தேகம் வந்தது.

மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் ஷன்ட்டும் (கரண்ட்டை அளக்கும் சிறு ரெசிஸ்டர்) ஃபியூஸும் சர்க்யூட்டில் சேர்ந்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து 3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 மில்லி ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் சப்ளையில் 3.2 வோல்ட் எல்இடி மூன்று இருந்தால் அவற்றுக்கே 9.6 வேண்டும். மிச்சமிருக்கும் 2.4-இல் பாதியை மீட்டர் தின்றுவிட்டால், ஐசிக்கும் இண்டக்டருக்கும் (கரண்ட்டைச் சீராக்கும் காயில்) போதாமல் கரண்ட் இறங்கிவிடும். மீட்டரை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். அதை நாம் பார்ப்பதில்லை!

எல்இடியோடு சீரீஸில் ஒரு 1 ஓம், அரை வாட், 1 சதவீத ரெசிஸ்டரை வைத்து, அதன் இரு முனைகளிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர். போர்டிலேயே, ஐசி கரண்ட்டை அறிந்துகொள்ளும் சென்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று அதில் அளப்பவர்களும் உண்டு. எல்இடியோடு சீரீஸில் இருந்தால் சரி. சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலில் இருந்தால் அங்கே ஓடுவது துடிப்புகள்தான். மீட்டர் காட்டும் சராசரி எல்இடி கரண்ட் ஆகாது.

அளவு நிஜமாகவே தப்பு என்று உறுதியானால், அடுத்து பார்க்க வேண்டியது அந்த சென்ஸ் ரெசிஸ்டரைத்தான். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். 'R100' என்றால் 0.1 ஓம்; வெறும் '100' என்றால் 10 ஓம். மாற்றிப் போட்டால் கரண்ட் நூறில் ஒரு பங்காகிவிடும். சந்தேகம் தீர்க்க மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்ப்பதும் வீண்தான், ப்ரோப் வயருக்கே 0.2 ஓம் இருக்கும்.

சால்டரும் டிராக்கும் (போர்டின் செம்புப் பாதை) இதில் சேர்த்தி. ஐசி சென்ஸ் ரெசிஸ்டரில் நிலைநிறுத்தும் வோல்ட்டேஜான ரெஃபரன்ஸ் 0.1 வோல்ட், ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியர் வரவேண்டும். அளக்கும் பாதையில் டிராக் வெறும் 0.02 ஓம் கூட்டினால் 0.83 ஆம்பியர்தான் வரும். ஐசியின் சென்ஸ் பின்களுக்குப் போகும் டிராக்குகள் ரெசிஸ்டரின் பேடிலிருந்தே தனியாகக் கிளம்ப வேண்டும். கரண்ட் ஓடும் பாதையைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

இண்டக்டர் மாற்றும்போது ஹென்றி அளவை மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. சாச்சுரேஷன் கரண்ட், அதாவது இண்டக்டரின் கோர் தாங்கும் எல்லை, உச்ச கரண்ட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். உச்சத்தை மட்டும் கட்டுப்படுத்தும் டிரைவரில் ரிப்பிள் (கரண்ட்டின் ஏற்ற இறக்கம்) கூடினால் சராசரி குறையும். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மிங் பின்னில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சிக்னல்) வந்துகொண்டிருந்தாலும், சூட்டில் ஐசி தானே கரண்ட்டைக் குறைத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஆன் செய்தவுடன் ஒருமுறையும், பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும் அளந்தால் சூடா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இத்தனை சோதனைக்கு நடுவே, டிரைவர் ஓடும்போதே எல்இடியைக் கழற்றி மாட்டாதீர்கள். லோடு இல்லாதபோது அவுட்புட் கெபாசிட்டர் உயர்ந்த வோல்ட்டேஜில் ஏறி நிற்கும், மாட்டிய கணத்தில் அத்தனையும் எல்இடியில் இறங்கும். சப்ளையை அணைத்து, கெபாசிட்டர் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும்.