ஸ்ட்ரைக்கர்மாரின்ர கோல் கணக்குக் கதைக்கேக்க நாங்கள் விடுற பிழையள்

போன வருசம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஊர்க் கழகத்தின்ர உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, அறிவிப்பாளர் வரேல்ல எண்டு பெடியள் என்னைப் பிடிச்சு மைக்குக்கு முன்னால இருத்திப் போட்டாங்கள். இடைவேளைக்கு என்னத்தைக் கதைக்கிறதெண்டு தெரியாம போனைப் பாத்து "ஐவரி கோஸ்ட் ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பா இங்கிலாந்துக் கழகம் செல்சிக்கு மொத்தமா 104 கோல் அடிச்சவர்" எண்டு விட்டன். ரெண்டு நிமிசம் போகேல்ல, ஓஎல் படிக்கிற வயசுப் பெடியன் ஒருத்தன் ஐஸ்பழத்தைச் சூப்பிக்கொண்டு மேசைக்கு வந்து "அண்ணை அது லீக் மட்டும், மொத்தம் 164" எண்டிட்டுப் போறான். மைக் வேற ஓன்ல கிடந்தது, மைதானம் முழுக்கச் சிரிப்பு.

இந்தப் பிழைய நான் மட்டும் விடேல்ல. நெற்றில ஒரு ஆட்டக்காரன்ர பேரைத் தட்டினா ஒரு பெட்டி வருமெல்லோ, அதில கழகத்துக்குப் பக்கத்தில கிடக்கிற இலக்கம் அனேகமா உள்நாட்டு லீக்கில அடிச்சது மட்டும் தான். கப் மட்ச், சம்பியன்ஸ் லீக் ஒண்டும் அதுக்குள்ள வராது. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹரி கேன் டொட்டன்ஹாம் கழகத்துக்கு லீக்கில 213, எல்லாம் சேத்தா 280. ஒரு ஆளுக்கு லீக் கோலையும் மற்ற ஆளுக்கு மொத்தத்தையும் வச்சுக்கொண்டு ஆர் பெரியாள் எண்டு சண்டை பிடிச்சா விடியும் வரைக்கும் பிடிக்கலாம். நாட்டு அணிக் கணக்கு இன்னொரு மாதிரி: நாடு விளையாடுற சிநேகபூர்வ மட்சில அடிச்சதும் கணக்கில வரும், ஆனா கழகம் சீசனுக்கு முதல் விளையாடுற பயிற்சி மட்ச் கோல் வராது. 19, 21 வயசுக்குட்பட்ட அணியளுக்கு அடிச்சதையும் பெரிய அணிக் கணக்கோட கூட்டக்கூடாது.

அடுத்தது, கழகத்தில ஆள் படுத்திட்டான், இனி நாட்டுக்கும் உதவான் எண்டு முடிவு கட்டுறது. ஜேர்மனி ஸ்ட்ரைக்கர் குளோசவைப் பாருங்கோ. 2009-10 சீசன் முழுக்க தன்ர கழகம் பயர்னுக்கு லீக்கில 3 கோல், வாங்கில இருந்த நேரம் தான் கூட. அந்த ஆளை ஏன் 2010 உலகக்கிண்ணத்துக்குத் தென்னாபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகினம் எண்டு கேக்காத ஆளில்லை, நானும் கேட்டனான். அந்த உலகக்கிண்ணத்தில 4 கோல் அடிச்சார். நாலு உலகக்கிண்ணத்தில 16, ஜேர்மனிக்கு 137 மட்சில 71. அவர் கோல் அடிச்ச ஒரு மட்சிலயும் ஜேர்மனி தோக்கேல்ல. அதுக்காக வெறும் இலக்கத்தைப் பாத்து மயங்கவும் வேண்டாம், 2002 இல அவர் அடிச்ச அஞ்சு கோலில (அஞ்சும் தலையால அடிச்சது) மூண்டு சவூதியோட 8-0 எண்டு வெண்ட மட்சில வந்தது. ஆருக்கு அடிச்சவன், எத்தினைக்கு எத்தினை இருக்கேக்க அடிச்சவன் எண்டு பாக்காம கூட்டிக் கழிக்கிறதால தான் அரைவாசிச் சண்டை வாறது.

ட்ரோக்பான்ர கதையில இதெல்லாம் ஒரே வருசத்துக்குள்ள கிடக்கு. 2012 மாசி மாசம், ஆபிரிக்கக் கிண்ண இறுதி, சாம்பியாவோட. 70 ஆவது நிமிசம் பெனல்டி, ஆள் பந்தை கம்பத்துக்கு மேலால அனுப்பிட்டார். பிறகு சமனாகி பெனல்டி அடியில ஐவரி கோஸ்ட் 8-7 எண்டு தோத்தது. 2006 இறுதியிலயும் எகிப்தோட பெனல்டி அடியில அவர் தவறவிட்டவர், அதால "பெரிய மட்ச் எண்டா இவருக்குக் கால் நடுங்கும்" எண்டு சனம் எழுதித் தள்ளிட்டுது. மூண்டு மாசம் போக, வைகாசியில மியூனிக்கில சம்பியன்ஸ் லீக் இறுதி, செல்சியும் பயர்னும். பயர்னுக்கு 20 கோர்ணர், செல்சிக்கு அந்த மட்ச் முழுக்க ஒரே ஒரு கோர்ணர். அதை 88 ஆவது நிமிசத்தில மாட்டா அடிக்க ட்ரோக்பா தலையால உள்ள வச்சார். மேலதிக நேரத்தில தன்ர பெனல்டிப் பெட்டிக்குள்ள பயர்ன் ஆட்டக்காரன் ரிபெரிய விழுத்தி எதிரிக்குப் பெனல்டியும் குடுத்தவர், நல்ல காலம் செல்சி கோலி செக் அதைப் பிடிச்சிட்டார். பிறகு பெனல்டி அடியில கடைசிப் பெனல்டிய அடிச்சுக் கிண்ணத்தை எடுத்துக் குடுத்ததும் அவர் தான். இப்ப சொல்லுங்கோ, அந்த ஆளுக்குக் கால் நடுங்குமா நடுங்காதா? நாட்டுக்கு 105 மட்சில 65 கோல் அடிச்சும் கிண்ணம் கிடைக்கேல்ல, 2014 இல அவர் விலகி அடுத்த வருசமே ஐவரி கோஸ்ட் அந்தக் கிண்ணத்தை எடுத்தது. கிண்ணம் இல்லாததை மட்டும் வச்சு ஒரு ஸ்ட்ரைக்கரை மட்டம் தட்டிறவை இந்த ரெண்டு மட்சையும் ஒருக்கா இருந்து பாக்கோணும்.

லோனில, அதாவது கொஞ்சக் காலத்துக்கு இரவலா வேற கழகத்துக்குப் போனவனை "வேண்டாமெண்டு கலைச்சவன்" எண்டு நினைக்கிறதும் பிழை. கேன் லெய்ட்டன் ஓரியண்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் எண்டு சுத்தினவர். 2013 இல லெஸ்டர் வாங்கில அவரும் ஜேமி வார்டியும் பக்கத்தில பக்கத்தில இருக்கிற படம் ஒண்டு இருக்கு. 2015-16 இல அதே லெஸ்டர் லீக்கை எடுக்குது, அந்த சீசன் லீக்கில கேன் 25 கோல், வார்டி 24. வார்டி சின்ன வயசிலயே கழகம் விலத்திவிட்ட ஆள், ஃபக்டரியில வேலை செய்துகொண்டு சின்ன லீக்குகளில விளையாடினவர், இங்கிலாந்துக்கு முதல் மட்ச் விளையாடேக்க வயசு 28. எங்கட பக்கம் 20 வயசுப் பெடியனுக்கு "இனி என்னடா பந்தடி, வயசு போட்டுது" எண்டு சொல்லுற மாமாமாருக்கு இதைச் சொன்னா "அது இங்கிலாந்து" எண்டுவினம், அதுவும் ஒருவகையில உண்மை தான்.

ஏனெண்டா இலங்கை ஆட்டக்காரன்ர நாட்டுக் கோல் கணக்கை ஐரோப்பாக்காரனோட ஒப்பிடுறது இன்னொரு பிழை. எங்கட அணிக்கு மட்சே குறைவு, 2023 தை தொடக்கம் ஆவணி வரை ஃபிஃபா தடையால அதுவும் இல்லை. ஜேர்மனியில பிறந்து வளந்த வசீம் ராசீக் 2021 இல லெபனானுக்கு ரெண்டு கோல் அடிச்சவர், 3-2 எண்டு தோத்தம். தங்களை விட எவ்வளவோ பலமான அணிக்கு அடிச்ச அந்த ரெண்டையும் நான் சும்மா ரெண்டெண்டு எண்ண மாட்டன்.

இப்ப எங்கட கழகத்துப் பெடியனுக்கு ஒரு சிஆர் கொப்பி போட்டிருக்கிறன். பழைய மீன்வலை கட்டின கோல் போஸ்ட் தான், எண்டாலும் லீக், ஏழுபேர் சுற்றுப்போட்டி, பயிற்சி மட்ச் எண்டு தனித்தனிக் கோடு, பெனல்டிக்கு வேற வட்டம். ஆள் 40 கோல் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன், கொப்பியில பாத்தா லீக்கில 9, அதில 4 பெனல்டி. ரெண்டு நாளா என்னோட கதைக்கிறான் இல்லை.