பாஸ்புக்கில் ஒரு பெயர், வங்கிக் கம்ப்யூட்டரில் ஒரு பெயர்

எங்கள் ஊர் வாசகசாலைக்கு கம்ப்யூட்டரும் அலமாரியும் வாங்க ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையிடம் நிதியுதவி கேட்க இறங்கினோம். 1972இல் கொல்கத்தாவில் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு; தன்னார்வ நூலகங்களுக்கும் அதில் வழி உண்டு. தன்னார்வ அமைப்புகள் அரசுத் தளத்தில் பதிந்து வாங்கும் தர்பண் எண் வாங்கியாச்சு. அடுத்து, அரசு நிதியைக் கணக்கில் செலுத்தும் இணையதளமான பிஎஃப்எம்எஸ்ஸில் வங்கிக் கணக்கு ஏற வேண்டும். அங்கேதான் மாட்டினோம். போட்டபோதெல்லாம் ‘நிராகரிக்கப்பட்டது’.

முதல் சந்தேகம் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் மேல். எங்கள் வங்கி வேறு வங்கியோடு இணைந்தபோது அது மாறியிருந்தது. புதியதைப் போட்டும் பலனில்லை. கணக்கு எண்ணை மூன்று பேர் மாறி மாறிப் படித்துப் பார்த்தோம். பிரவுசர் மாற்றியதெல்லாம் வெட்டி வேலை. நாலு நாள் போச்சு.

ஐந்தாம் நாள் கவுன்டரில் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கினேன். பாஸ்புக் முதல் பக்கத்தில் பெயர் பேனாவால் எழுதியது, முழுசாக இருந்தது. அச்சில் வந்த ஆங்கிலப் பெயரிலோ கடைசிச் சொல் ‘சொசைட்டி’ பாதியில் வெட்டுப்பட்டு ‘சொசை’யோடு நின்றது! இத்தனை வருஷம் யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் பிஎஃப்எம்எஸ்ஸில் போட்டதோ முழுப் பெயர்; அதனால்தான் பொருந்தவில்லை.

பிஎஃப்எம்எஸ்ஸில் அரைகுறைப் பெயரைப் போட்டால் சங்கப் பதிவுச் சான்றிதழோடு இடிக்கும். அதனால் சான்றிதழ் நகலும் தீர்மான நகலும் வைத்து, வங்கியிலேயே பெயரைத் திருத்தச் சொன்னேன். திருத்திய பிறகு மறுபடி போட்டதும் கணக்கு ஏறிவிட்டது. அப்பாடா.