சயின்ஸ் ஃபிக்ஷன்ல எது நடக்கும், எது ரீலுன்னு செக் பண்றது எப்படி

முதல்ல கதையில இருந்து ஒரே ஒரு நம்பரை உருவுங்க, தூரமோ வேகமோ ஏதோ ஒண்ணு. செவ்வாயில இருக்கிறவன் பூமியில இருக்கிற பொண்டாட்டிகிட்ட, காவேரிப்பட்டணத்துல இருந்து கிருஷ்ணகிரிக்குப் பேசுற மாதிரி டக்கு டக்குனு வீடியோ கால் பேசுறான்னு வைங்க. ரேடியோ அலை வினாடிக்கு 3 லட்சம் கிமீ, செவ்வாய் ரொம்ப கிட்ட வந்தாலே சுமார் 5.5 கோடி கிமீ, வகுத்துப் பாருங்க, ஒரு வழிக்கே 3 நிமிஷம். "சாப்டியா"ன்னு கேட்டா பதில் வர 6 நிமிஷம், தூரமா போயிட்டா 40 நிமிஷத்துக்கு மேல, சோறே ஆறிடும்.

அடுத்து, இயற்பியல் விதியையே மீறுதா, இல்ல இன்னும் யாரும் செய்யலையா? நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865லயே தன் கதையில ஆளுங்களை பீரங்கியில வச்சு நிலாவுக்குச் சுட்டாரு, குழாய் நீளம் சுமார் 270 மீட்டர், அதுக்குள்ள வினாடிக்கு 11 கிமீ வேகம் புடிக்கணும்னா உடம்பு எடை 20,000 மடங்குக்கு மேல அழுத்தும், ஆளு சட்னி.

ஆனா கதை எழுதுற ஆர்தர் கிளார்க் 1945ல ஒரு கட்டுரையில, சுமார் 36,000 கிமீ உயரத்துல சேட்டிலைட் வச்சா பூமியோட சேர்ந்தே சுத்தும், நமக்கு ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும், அது வழியா உலகம் பூரா ஒலிபரப்பலாம்னு எழுதினாரு. அப்ப ஒரு சேட்டிலைட்கூட கிடையாது. 1964ல சின்காம் 3ங்கிற சேட்டிலைட் அங்க போய் நின்னுச்சு.

சந்தேகம்னா மொட்டை மாடிக்குப் போய் டிவி டிஷ்ஷைப் பாருங்க, ராத்திரி பகலா ஒரே பக்கம்தான் பாக்குது. எங்க வீட்டுல போன சீசன்ல பெங்களூரா மாங்கா ஒண்ணு அது மேல விழுந்து லேசா திரும்பிடுச்சு, அவ்ளோதான், நோ சிக்னல்.